கைதட்டியவன் கேட்கும் கணக்கு



நினைவுச் சொற்பொழிவு என்றால் பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, கோயில் நுழைவு என்று பேசுவதுதான் நம் மன்றத்தின் வழக்கம். நான் கிரிக்கெட் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "விளையாட்டைப் பற்றிப் பேச இதுதான் நேரமா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவரே என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு முப்பத்தைந்து வருடமாகியும் நான் பதில் சொல்லவில்லை. அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

1

எனக்கு ஊர் பாலசமுத்திரம். பழனிக்குத் தெற்கே, பாலாறு–பொருந்தலாறு அணைக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. கோடையில் வற்றிய குளத்துத் தரைதான் காலனிப் பிள்ளைகளுக்கு மைதானம். தென்னை மட்டையைச் செதுக்கினால் பேட். ரப்பர் பந்து வாங்க ஆளுக்கு இருபத்தைந்து பைசா போடுவோம்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிரிக்கெட் என்பது கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது. டீக்கடை டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பாரின் குரல் கேட்டால் சேப்பாக்கம் மைதானமே கண்முன் வந்து நிற்கும். நான் சேப்பாக்கத்தை நேரில் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான். ஆனால் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் இந்திய அணிக்கு ரசிகர்கள். எனக்கு ரஞ்சிக் கோப்பையில் ஆடும் தமிழ்நாடு அணிமேல்தான் பைத்தியம். 1988-இல் வாசுதேவன் தலைமையில் ரயில்வேஸ் அணியைச் சேப்பாக்கத்தில் வென்று கோப்பையை எடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. மதராஸ் என்ற பெயரில் 1954–55-இல் இந்தூரில் ஹோல்கர் அணியை வென்றதற்குப் பிறகு, முப்பத்து மூன்று வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எங்கள் ஆட்டுக்குட்டிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

அதற்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. 1991–92-இல் இறுதியில் டெல்லியிடம் தோற்றோம். 1995–96-இல் கர்நாடகம். 2002–03, 2003–04 இரண்டு முறையும் மும்பை. 2011–12-இல் ராஜஸ்தான். 2014–15-இல் மறுபடி கர்நாடகம். கருண் நாயர் தனியாக 328 ரன் அடித்தார். நடுவில் ஒருநாள் கோப்பைகளும் இருபது ஓவர் கோப்பைகளும் வந்தன. 2021 நவம்பரில் கடைசிப் பந்தில் ஷாருக் கான் சிக்சர் அடித்து அதே கர்நாடகத்தை வென்றது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரஞ்சி வேறு. நாலைந்து நாள் நின்று ஆடி எடுக்கிற கோப்பை அது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை விடாமல் நேசிப்பவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வலி இருக்கிறது. எனக்கு அது தெரியும்.

2

1990 வாக்கில் பக்கத்து ஊரில் ஒரு போட்டி. சுழற்கோப்பையும் முதல் பரிசாக 501 ரூபாயும் வைத்திருந்தார்கள். ஊர்த்தெரு அணியொன்றுக்கு வேகப்பந்து வீச ஆள் இல்லை. என்னைக் கேட்டார்கள், போனேன். இறுதி ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்தேன். என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மதியம் சாப்பாட்டுப் பந்தி தென்னந்தோப்பில். எனக்கு மட்டும் இலை தனியாக, வாய்க்கால் ஓரத்தில். தண்ணீர் கேட்டேன். சொம்பைக் கையில் கொடுக்காமல் மேலிருந்து ஊற்றினார்கள். கோப்பையோடு படம் எடுக்கும்போது, "தம்பி, ஸ்டம்பெல்லாம் அங்கேயே கிடக்கு பாரு, எடுத்துட்டு வந்துரு" என்றார் கேப்டன். நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

அன்று மாலை பெரியவரிடம் போய், ஐந்து விக்கெட் எடுத்த கதையை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: "சரிடா தம்பி, அது உன் அணியா? அந்த மெட்ராஸ் அணி அணின்னு உருகுறியே, அதுலயாவது உனக்கு என்ன இடம்?"

நான், "விளையாட்டுல சாதி ஏதுங்க ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "படிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார். எனக்கோ ஸ்கோர் போர்டைத் தவிர வேறெதையும் படிக்கும் பழக்கம் அப்போது இல்லை. படித்தது பிற்பாடு. படித்ததைத்தான் உங்கள்முன் வைக்கிறேன்.

3

என் அணியின் பிறப்பிலேயே ஒரு மரம் இருக்கிறது.

வெள்ளையர்கள் 1846-இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். சேப்பாக்கம் அவர்களுடைய மைதானம் ஆனது. இந்தியர்கள் அங்கே ஆட வந்தால் பெவிலியனுக்குள் நுழையக் கூடாது. மதியச் சாப்பாட்டை வெளியே மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும். துபாஷிக் குடும்பத்தில் வளர்ந்த செல்வந்தர் புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. 1888-இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சமமாக மோதும் மாகாண ஆட்டம் அவருடைய கனவு. 1908-இல் அவர் இறந்துபோனார். அவர் பெயரில் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. 'தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை' என்கிறார்கள். அந்தப் பெருமை அவருக்குத் தகும். சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்கு அனுப்பப்பட்ட அவமானத்திலிருந்து ஒரு வரலாறு புறப்பட்டது. 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் மதராசுக்கும் மைசூருக்கும் நடந்தது. எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்து மதராஸ் வென்றது. என் அணியின் கதை இப்படித் தொடங்குகிறது.

நான் கேட்பது இதுதான். பெவிலியனுக்கு வெளியே சாப்பிட வைத்தது அவமானம் என்று உணர்ந்த கனவான்களின் வீட்டுப் பந்தியில், அவர்கள் தெருக் கிணற்றில், எங்களுக்கு என்ன இடம் இருந்தது? தனக்கு நேர்ந்தால் அவமானம், அடுத்தவனுக்குச் செய்தால் ஆசாரம். இந்திய விளையாட்டு வரலாற்றை இந்த இரட்டைக் கணக்கை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. மதராசில் மரத்தடி என்றால், புனேயில் அது மண்குவளை.

4

பல்வங்கர் பாலு 1876-இல் பிறந்தவர். சமார் சாதி. புனேயில் வெள்ளையர் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வதும், வலை கட்டுவதும் அவர் வேலை. வெள்ளை அதிகாரிகள் பயிற்சி எடுக்கும்போது மணிக்கணக்காக அவர்களுக்குப் பந்து வீசினார். இடது கைச் சுழற்பந்து. அவர்கள் அவரிடம் மட்டையைக் கொடுத்ததே இல்லை. மட்டை பிடிப்பது துரைமாரின் வேலை, பந்து போடுவது வேலைக்காரனின் வேலை.

புனே இந்துக்கள் அணிக்கு வெள்ளையரை வெல்ல ஆள் வேண்டும். பாலுவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்தது. கடைசியில் சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லாரும் தொடும் அதே பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் ஊற்றினார்கள். இரட்டைக் குவளையை நாம் டீக்கடையில்தான் பார்த்திருக்கிறோம். இந்தியக் கிரிக்கெட்டும் அதில்தான் தேநீர் குடித்து வளர்ந்தது.

பிளேக் நோய்க்குத் தப்பிப் பாலு பம்பாய்க்குப் போனார். 1906-இல் ஐரோப்பியர் அணியை இந்துக்கள் அணி 109 ரன்னில் வென்றது. அதில் பாலுவின் பங்கு பெரிது. அதற்குள் இந்து ஜிம்கானா தன் உணவறையில் அவரை அனுமதித்திருந்தது. சீர்திருத்த இதழ்கள் அதைப் பாராட்டி எழுதின. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. பெரும்பாலான ஆட்டங்களில் தோற்ற அந்த அணியில் பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியதும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். இளைஞர் அம்பேத்கருக்கு அந்த நாட்களில் பாலு ஒரு நாயகன்.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2002-இல் எழுதிய நூல் வழியாகத்தான் பாலு எனக்குத் தெரிய வந்தார். அதுவரை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆயிரம் ஸ்கோர்களில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. வெட்கமாக இருந்தது.

5

பாலுவுக்கு சிவராம், கண்பத், விட்டல் என்று மூன்று தம்பிகள். எல்லாருமே நல்ல ஆட்டக்காரர்கள். அணியில் ஆள் குறைந்தால் பல்வங்கர் வீட்டுக்கு வருவார்கள். கேப்டன் வேண்டுமென்றால் வேறு வீட்டுக்குப் போவார்கள். பம்பாய் நாற்கோணப் போட்டியில் வருடா வருடம் பாலுவைக் கேப்டன் ஆக்கும் பேச்சு வரும், அப்படியே போய்விடும்.

1920 டிசம்பரில் பொறுமை முடிந்தது. வயதைக் காட்டிப் பாலுவை அணியிலிருந்து விட்டார்கள். கேப்டன் எம். டி. பைக்கு உடல்நலமில்லை. அந்த இடம் விட்டலுக்கு வந்திருக்க வேண்டும். டி. பி. தேவ்தருக்குக் கொடுத்தார்கள். விட்டலும் சிவராமும் ஆட மறுத்தார்கள். தங்களைத் தாண்டிப் போனதற்குக் காரணம் சாதிதான் என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார்கள். தோழர்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய விளையாட்டில் சாதிக்கு எதிராக வீரர்களே செய்த வேலைநிறுத்தம் அது. மகாடுக்கு ஏழு வருடம் முந்தியது.

பம்பாயில் சர்ச்சை எழுந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பை திரும்பி வந்தார். பாலுவைத் துணைக் கேப்டனாகச் சேர்த்தார்கள், தம்பிகளும் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் பாலு தலைமை தாங்க வழிவிட்டார். இருபது வருடம் பந்து வீசியவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். 1923-இல் விட்டல் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

விட்டல் 1948-இல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை நூலாக எழுதினார். இலக்கிய மன்றத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். தலித் தன்வரலாறு என்று நாம் பட்டியல் போடும்போது இந்த நூலைச் சொல்வதில்லை. விளையாட்டுக்காரன் எழுதியது இலக்கியம் ஆகாது என்று யார் முடிவு செய்தது?

6

இனி சொல்லப்போவது கசப்பான பகுதி. ரசிகனுக்கு அது பிடிக்காது. ஆனால் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது.

1932 செப்டம்பர் 24. புனா ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவர்களில் நம் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் உண்டு. பாலுவும் உண்டு. எம். சி. ராஜாவைப் போலவே பாலுவும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937 தேர்தலில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலுதான். அண்ணல் சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தான் கொண்டாடிய பந்துவீச்சாளரைத் தேர்தலில் தோற்கடிக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

பாலு ஏன் அந்தப் பக்கம் நின்றார்? அவருடைய வாழ்நாள் அனுபவம் அவருக்கு அதைத்தான் சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம். வெளியே மண்குவளையில் குடித்தவர், பின்பு உள்ளே அமர்ந்து உண்டார். தம்பி கேப்டன் ஆனார். பொறுத்திருந்தால் கதவு திறக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. தம்பிகள் 1920-இல் ஆட மறுத்த பிறகுதான் திறந்தது. பாலுவின் வாழ்க்கை பாலுவின் அரசியலுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது.

இன்னொன்றும் தெரிகிறது. இந்துக்கள் அணி வெல்ல நம் ஆள் தேவைப்பட்டார். இந்துக்களின் எண்ணிக்கை குறையாமலிருக்க நம் வாக்குத் தேவைப்பட்டது. இரண்டு இடத்திலும், ஆள் கணக்குக்கு நாம் வேண்டும், தலைமைக்கு வேண்டாம். புனாவில் அண்ணலைப் பணிய வைத்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கிரிக்கெட் கதை உதவும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

நம் ஆள் என்பதற்காக எல்லாவற்றையும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. தவறினார் என்பதற்காகத் தூக்கியெறியவும் வேண்டியதில்லை. பாலு என் நாயகன்தான். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட், சராசரி 15.21. அந்த எண்களை இன்றும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். 1955 ஜூலை 4 அன்று அவர் இறந்தார்.

7

அதே 1955 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் மக்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேஸ்பாலில் அவர்களுடைய டாட்ஜர்ஸ் அணி முதல்முறையாக உலகத் தொடரை வென்ற நாள் அது. எங்களைப் போலவே இறுதியில் தோற்றுத் தோற்றுப் பழகிய ரசிகர்கள் அவர்கள். அந்த அணியில் ஜாக்கி ராபின்சன் இருந்தார்.

தலித் இலக்கியம் கறுப்பர் இலக்கியத்தோடு பேசியது நமக்குத் தெரியும். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். விளையாட்டிலும் அந்த உறவு இருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய அணிகள், 1880-களில் ஆடிய ஓரிருவருக்குப் பிறகு, 1947 வரை எந்தக் கறுப்பரையும் சேர்க்கவில்லை. எழுதிய சட்டம் எதுவும் இல்லை. 'கனவான்களின் உடன்பாடு' என்றார்கள். நமக்குப் பழக்கப்பட்ட சொல்தான், 'ஊர்க்கட்டுப்பாடு' என்று படியுங்கள். கறுப்பர்கள் தங்களுக்கென்று 1920-இல் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார்கள். பல்வங்கர் சகோதரர்கள் ஆட மறுத்த அதே ஆண்டு.

1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் பெருந்தன்மை என்றுதான் கதை சொல்வார்கள். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே கறுப்பர் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கம்யூனிஸ்ட் பத்திரிகை ஒன்று இயக்கம் நடத்தியது. ரசிகர்கள் மைதான வாசலில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். வேலையில் நிறப் பாகுபாடு கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1945-இல் சட்டம் போட்டது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ராபின்சனின் ஒப்பந்தம் வெளியானது. இத்தனை பேர் தள்ளிய கதவை ரிக்கி திறந்துவிட்டார்.

அதற்கு விலையும் இருந்தது. ராபின்சனை எடுத்ததற்காக அவருடைய பழைய கறுப்பர் அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை. நல்ல வீரர்கள் போகப் போகக் கறுப்பர் லீக்குகள் தேய்ந்து அழிந்தன. நூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி என்ற பெண் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டார்கள். அணியை நடத்தியவர்களையோ, பயிற்சியாளர்களையோ, கணக்கு எழுதியவர்களையோ எடுத்துக்கொள்ளவில்லை.

ராபின்சனுக்கு இது தெரியும். 1972 அக்டோபரில் அவரைக் கௌரவிக்க மேடையேற்றினார்கள். நன்றி சொல்லிவிட்டு, ஒரு கறுப்பர் மேலாளராக இருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு முழு மகிழ்ச்சி என்ற பொருளில் பேசினார். ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். முதல் கறுப்பு மேலாளர் வந்தது 1975-இல். புனேயில் பாலுவுக்கு மறுத்ததும் அமெரிக்காவில் ராபின்சன் கேட்டதும் ஒன்றுதான்: கட்டளையிடும் இடம்.

8

என் அணியைப் பற்றி இன்று எனக்குள்ள கருத்துகளைச் சொல்கிறேன். நாற்பது வருடம் கைதட்டியவனுக்குச் சொல்ல உரிமை உண்டு.

முதல் கருத்து மைதானம் பற்றியது. தமிழ்நாடு அணிக்கு வரும் வழி சென்னை லீக் வழி. பெரிய நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் அணிகள் முதல் டிவிஷனில் ஆடுகின்றன. மாவட்டத்துப் பையன் சென்னைக்குப் போய், தங்கி, கிட் வாங்கி, ஆட வேண்டும். சின்னப்பம்பட்டி நடராஜன் போய்ச் சாதித்தார். தந்தை நெசவுத் தொழிலாளி, தாய் சாலையோரம் கோழிக்கறி விற்றவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு நடராஜன் வந்ததைக் காட்டி, வழி திறந்திருக்கிறது என்று சொல்வதை ஏற்க மாட்டேன். எத்தனை நடராஜன்கள் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றுபோனார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம் மாவட்டத்துக்கும் இப்போது அணி இருக்கிறது. 2016 முதல் திண்டுக்கல் டிராகன்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடுகிறது. நத்தத்தில் கல்லூரி மைதானத்தில் விளக்கொளியில் ஆட்டம் நடந்தது. 2024-இல் அஸ்வின் தலைமையில் கோப்பையும் வாங்கியது. நானும் நத்தம் போய்க் கத்தியிருக்கிறேன். ஆனால் மாவட்டத்தின் பெயர் சட்டையில் இருந்தால் மட்டும் போதாது. காலனிப் பிள்ளை கால் வைக்க ஒரு மைதானம் வேண்டும். ஊர்ப் பொது மைதானத்தில் சேரிப் பிள்ளைகள் ஆடினால் தகராறு வருகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தகராறு இரண்டு மடங்கு.

இரண்டாவது, கணக்கு. 2018-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை, இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ஏறக்குறைய 290 ஆண்களில் தலித்துகள் என்று அறியப்பட்டவர்கள் 4 பேர்தான் என்றது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. என் அணியில் 1934 முதல் இன்றுவரை நாம் எத்தனை பேர்? எந்தச் சங்கமும் அந்தக் கணக்கை வெளியிடுவதில்லை. "திறமைக்குச் சாதி இல்லை" என்பார்கள். சரி. பிறகு ஏன் முடிவில் மட்டும் சாதி தெரிகிறது?

திறமை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. தென்னாப்பிரிக்கா 2016-இல், ஒரு பருவத்தில் அணியில் சராசரியாக 6 பேர் வெள்ளையரல்லாதவர், அவர்களில் 2 பேராவது கறுப்பு ஆப்பிரிக்கர் என்று இலக்கு வைத்தது. எள்ளி நகையாடினார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று அந்த அணி உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. 9 விக்கெட் எடுத்தவர் ரபாடா. கேப்டன் டெம்பா பவுமா. அந்த நாட்டின் முதல் கறுப்பு ஆப்பிரிக்க டெஸ்ட் கேப்டன். அன்று எனக்குப் பாலு நினைவுதான் வந்தது.

மூன்றாவது, எழுத்து. ஜோஷ் கிப்சன் என்ற கறுப்பு ஆட்டக்காரர் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்தார். பெரிய அணி எதுவும் அவரைத் தொடவில்லை. ஆனால் கறுப்பர் லீக்குகளின் ஸ்கோர்களைக் கறுப்பர் பத்திரிகைகள் அச்சிட்டிருந்தன. ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தன. அன்றுமுதல் பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகச் சராசரி, .372, கிப்சனுடையது. செத்து எழுபத்தேழு வருடம் கழித்து வென்றார். எழுதி வைத்திருந்ததால் வென்றார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஈமச்சின்னத்தில் நெல் நிறைந்த சாடியும் எழுத்துக் கீறிய பொருளும் கிடைத்தன. யாரோ கீறி வைத்ததால் இன்று அது சான்று. எங்கள் காலனி அணியின் ஸ்கோரைச் சுவரில் கரியால் எழுதினோம். ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

9

மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஊர்க் காலனியில் நாற்பது வயது தாண்டிய ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் போங்கள். எந்த வருடம், எந்த மைதானம், யார் ஆட விட்டார்கள், யார் விடவில்லை, தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கபடி ஆடியவர்களையும் அக்காமார்களையும் விட்டுவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் பேரூராட்சியிடம் கேளுங்கள்: விளையாட்டுத் திடல் எத்தனை, அதில் காலனிக்கு நடந்து போகும் தூரத்தில் எத்தனை? செயல்பாட்டாளர்களே, சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் மனுக் கொடுக்கும்போது மைதானத்துக்கும் ஒரு மனுக் கொடுங்கள். அதுவும் நிலவுரிமைதான்.

"இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த அணிக்கு ஏன் ரசிகனாக இருக்கிறாய்?" என்று என் மகள் கேட்கிறாள். விட்டுவிட்டால் யாருக்கு லாபம்? நாம் நகர்ந்து கொடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு அவர்களே உட்கார்ந்துகொள்வார்கள். விட்டல் அணியை வெறுத்து ஆட மறுக்கவில்லை. தன் அணி என்று நம்பியதால் மறுத்தார். அவர் கேட்ட இடம் கிடைத்ததும் வந்து ஆடினார், கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். என் கைதட்டலும் அப்படித்தான். இனி அது கேள்வி கேட்காமல் வராது.

பெரியவரே, நீங்கள் கேட்டீர்கள்: அந்த அணியில் உனக்கு என்ன இடம் என்று. இன்றைய தேதியில் என் பதில்: மரத்தடி. சேப்பாக்கத்தில் புச்சி பாபு காலத்தில் இருந்த அதே மரத்தடி. அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை ஐயா. ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜெய்பீம்.